குயில்ட் துணி தேய்க்க பழைய வேட்டித் துண்டு போதும்

குயில்ட்டுக்கு, அதாவது துண்டுத் துணிகளை இணைத்து உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைக்கு, வெட்டித் தைத்த துணிகளை அயர்ன் செய்யும்போது மேலே விரிக்கத் தனியாகத் துணி வாங்க வேண்டாம், பலமுறை துவைத்து நைந்த வெள்ளைப் பருத்தி வேட்டியில் ஜரிகை, கரை இல்லாத பகுதியாக ஒரு முழம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி நல்ல சூட்டையும் தாங்கும், மெல்லிசாக இருப்பதால் நீராவி தடையில்லாமல் இறங்கும், அடியில் தையல் எங்கே போகிறது என்பதும் ஓரளவு தெரியும். கஞ்சியும் சாயமும் இல்லாததால் அயர்ன் பெட்டியிலும் ஒட்டாது, கீழே உள்ள துணியிலும் கறை இறங்காது. புது வேட்டி என்றால் கஞ்சி போகும்வரை அலசிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பாலியஸ்டர் கலந்ததா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள், பருத்தி சாம்பலாகும், கலப்பு உருகிக் கட்டியாகும்.

ஒட்டும் கேன்வாஸ் (சூடு பட்டால் பசை இளகித் துணியோடு ஒட்டும் உள்துணி) வைத்துத் தேய்க்கும்போது மட்டும் இது சரிவராது, வழிந்த பசை வேட்டித் துணியில் பிடித்துக்கொள்ளும். அதற்கு கேக் தட்டில் போடும் பேக்கிங் பேப்பர்தான் சரி, ஆனால் மெழுகு பூசிய தாளாக இருந்துவிடக் கூடாது, மெழுகு உருகித் துணியில் ஏறிவிடும். டர்க்கி டவலையும் மேலே போடாதீர்கள், அதன் சுருள் நூல் துணியில் தடமாகப் பதியும்.

அப்புறம், உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்து முடித்த குயில்ட்டுக்கு எந்தத் துணி போட்டாலும் அதிகச் சூடு வைக்கக் கூடாது, பஞ்சு அமுங்கித் தட்டையாகிவிடும்.