மூக்கு மினுங்கினால் எண்ணெய்ச் சருமம் என்று அர்த்தமில்லை

மே மாத மதியம் சென்னையில் பஸ்ஸை விட்டு இறங்கும் யார் முகத்தைப் பார்த்தாலும் மினுமினுவென்றுதான் இருக்கும். அந்த நேரத்தில் கண்ணாடியைப் பார்த்து 'எனக்கு ஆய்லி ஸ்கின்' என்று முடிவு கட்டிவிட்டு, எண்ணெயை உறிஞ்சும் ஃபேஸ்வாஷ், கரி சோப்பு, முல்தானி மெட்டி என்று வாங்கிக் குவிக்கிறார்கள். அந்த மினுமினுப்பில் பெரும்பகுதி வியர்வை. கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை காயாமல் முகத்திலேயே நிற்கிறது, அவ்வளவுதான். சருமம் எப்படிப்பட்டது என்பதைத் தப்பான நேரத்தில் கணிப்பதுதான் முதல் தவறு. அதற்கப்புறம் வரும் பாதித் தவறுகள் இதிலிருந்தே பிறக்கின்றன.

வீட்டில் இருக்கும் ஒரு நாள், மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, முகத்தில் எதையும் தடவாமல், வெயிலுக்கும் அடுப்படிக்கும் போகாமல் ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். அப்புறம் டிஷ்யூ பேப்பரைச் சின்னச் சின்னதாகக் கிழித்து நெற்றி, மூக்கு, தாடை, கன்னங்கள் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு துண்டு வைத்து ஒற்றுங்கள். வியர்வை ஈரம் என்றால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறைந்துவிடும். எண்ணெய் என்றால் பஜ்ஜி மடித்த பேப்பர் போல அந்த இடம் ஊடுருவித் தெரியும், காயவே காயாது. எல்லாத் துண்டிலும் கறை இருந்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் இருந்தால் கலவைச் சருமம், நிறையப் பேருக்கு இதுதான். எதிலும் கறை இல்லை, கன்னம் வேறு இழுத்துப் பிடிக்கிறது என்றால் வறண்டது. இழுக்கவும் இல்லை என்றால் சாதாரணச் சருமம், நிம்மதியாக இருங்கள். சென்சிடிவ் என்பது இந்த நான்கில் எதோடு வேண்டுமானாலும் சேர்ந்து வரும். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது, அதனால் சிவக்கிறதா என்று பார்ப்பதைவிட எரிகிறதா, அரிக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பதினாறு வயதில் பார்த்த முடிவை நாற்பதிலும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். வயது, கர்ப்பம், மாதவிடாய் நிற்பது, மாத்திரைகள், ஏசியிலேயே உட்கார்ந்திருக்கும் வேலை எல்லாமே சருமத்தை மாற்றும்.

கழுவியதும் முகம் விறைத்து இழுத்தால் 'நல்லா சுத்தமாச்சு' என்று சந்தோஷப்படுகிறோம் இல்லையா, அது சுத்தம் அல்ல. சருமத்தின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, அதன் பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறக்குறைய 5. சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும். இதோடு போர் தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் மோசம்: பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு சோப்போடு சேர்ந்து பிசுக்காகி முகத்திலும் தங்குகிறது. எண்ணெய் சுரப்பதைத் தீர்மானிப்பது ஹார்மோன்கள், நீங்கள் ஐந்து முறை கழுவினாலும் சுரப்பி அதன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும், நடுவில் போவது சருமத்தின் ஈரம்தான். மேலே எண்ணெய், உள்ளே இழுப்பு என்று இரண்டும் ஒன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும், வியர்த்துக் கொட்டினால் வெறும் தண்ணீர். எண்ணெய்ச் சருமத்துக்கு மாய்ஸ்சரைசர் வேண்டாம் என்பதும் தவறுதான், ஜெல் மாதிரி லேசானதாகப் பார்த்துப் போடுங்கள்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இரண்டையும் முகத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள். எலுமிச்சையின் பிஹெச் 2 அளவில் இருக்கும். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். கறுப்பு போகத் தடவியது கறுப்பைக் கொண்டுவந்துவிடும்.

நெற்றி முழுக்க ஒரே அளவில் சின்னச் சின்னப் பொரிகள், அதோடு அரிப்பும், தலையில் பொடுகும் இருக்கிறதா? அது சாதாரணப் பரு இல்லாமல் பூஞ்சையால் வருவதாக இருக்கலாம், பருவுக்கான க்ரீமுக்கு அது அடங்காது. அந்தப் பூஞ்சை எண்ணெயில் வளர்வது, ஆகவே பொடுகு போகட்டும் என்று இரவெல்லாம் தலையில் தேங்காய் எண்ணெய் ஊறவைத்துத் தூங்குவது அதற்குச் சாப்பாடு போடுவதுதான். அதே போல மூக்கின் மேல் வரிசையாகத் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகள் எல்லாம் கரும்புள்ளி அல்ல, பெரும்பாலும் எண்ணெய் வெளியே வரும் இயல்பான துவாரங்கள். பிதுக்கினாலும் பட்டை ஒட்டிப் பிய்த்தாலும் சில வாரங்களில் திரும்ப நிரம்பிவிடும். பிதுக்கிய காயம்தான் மிச்சம், நம் தோலில் சின்னக் காயம்கூடக் கறுப்பாக நின்றுவிடும்.

பிள்ளைகளின் கழுத்துக் கறுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருக்கும், அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்தேய் என்று தேய்ப்பார்கள், குழந்தை அழும், கறுப்பு போகாது, இன்னும் தடிக்கும். அது பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறி. தேய்ப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டி, சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். உடல் எடை, சாப்பாடு சரியாகும்போது அதுவும் மெல்ல மங்கும்.

சன்ஸ்கிரீனில் பெரும்பாலானோர் செய்யும் தவறு அளவு. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு வேண்டும், பட்டாணி அளவு போதாது. வெளியில் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். மங்கு, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டு, இருப்பவர்களுக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நல்லது, அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும்.

எனக்கு மிகவும் கோபம் வருவது மெடிக்கல் ஷாப் டியூப் விஷயத்தில்தான். 'பக்கத்து வீட்டு அக்கா போட்டாங்க, பளிச்சுன்னு ஆயிட்டாங்க' என்று வாங்குகிறார்கள். டியூபின் பின்னால் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் சில வாரங்கள் முகம் உண்மையிலேயே வெளுக்கும், பரு அமுங்கும், அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். போகப் போகத் தோல் மெலிந்து மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், கன்னத்தில் முடி முளைக்கும், வெயிலில் நின்றால் எரியும், பரு முன்பைவிட அதிகமாக வரும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது, ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. தயாரித்தவர் பெயரே இல்லாத வெளுப்பு க்ரீம்கள் இன்னும் ஆபத்து, அவற்றில் பாதரசம் இருக்கலாம். 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலருக்கு அப்படிப்பட்ட க்ரீம்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஏற்கனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு டியூப் போட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடவும் வேண்டாம், முகம் கொதித்துக் கிளம்பும்; அந்த எரிச்சல் தாங்காமல்தான் திரும்ப அதையே தடவுகிறார்கள். தோல் மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாக விட வேண்டும். காசு இல்லையே என்று தள்ளிப் போடாதீர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்குங்கள், போகும்போது அந்த டியூபையும் மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள்.