சுவரை மூடும் முன்: பழைய ஜி.ஐ. பைப்பை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, சத்துவாச்சாரி, கொசப்பேட்டை என்று வேலூரில் முப்பது நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளில் சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் ஜி.ஐ. பைப்தான். செம்பு பைப் பதித்த வீடு இந்தப் பக்கம் அபூர்வம். இரும்பின் மேல் பூசிய துத்தநாகம் தேய்ந்ததும் உள்ளே துரு ஏறும். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் அந்தத் துருவின் மேல் படியும். அரை அங்குலப் பைப்பை அறுத்துப் பார்த்தால், சில வீடுகளில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை மிஞ்சியிருக்கும். காலையில் திறந்ததும் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது, பாத்ரூம் சுவரின் மறுபக்கம் பெயிண்ட் உப்பி உதிர்கிறது என்றால் இனி ஒட்டுப்போட்டுப் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

முதலில் எர்த்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. கொசப்பேட்டையில் என் சித்தி வீட்டில் பைப் வேலை இரண்டே நாளில் முடிந்தது. தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் வாஷிங் மிஷினைத் தொட்ட சித்திக்குக் கை சுரீரென்றது. "பைப்பு மாத்துனதுக்கும் மிஷினுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டார். சம்பந்தம் இருந்தது. வீடு கட்டிய காலத்தில் எர்த் ஒயரைத் தனிக் குழிக்குக் கொண்டுபோகாமல், அடுக்களைக்குப் பின்னால் ஓடிய தண்ணீர் பைப்பில் கிளாம்ப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இரும்புப் பைப் மண்ணுக்குள் போவதால் அதுவே எர்த்தாக வேலை செய்தது. பிளாஸ்டிக் பைப் வந்ததும் கசியும் மின்சாரத்துக்குப் போக வழியில்லை. பழைய வீடுகளில் இந்தப் பழக்கம் நிறைய உண்டு. அதனால் சுவரில் உளி வைப்பதற்கு முன்பே, மீட்டர் பெட்டியிலிருந்து எர்த் ஒயர் எங்கே போகிறது என்று எலக்ட்ரீஷியனைக் காட்டச் சொல்லுங்கள். பைப்பில் முடிந்தால் முதல் செலவு புது எர்த் குழி. கூடவே, மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். பைப் பதிக்கச் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டும்போது மெயினை அணைப்பதும் கட்டாயம். பழைய ஒயரிங் எந்தச் சுவரில் எப்படி ஓடுகிறது என்று கட்டியவருக்கே நினைவிருக்காது. வெட்டும் மிஷினுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து லைன் எடுத்துக்கொள்ளலாம்.

காடி வெட்டுவதிலும் அளவு இருக்கிறது. நெடுக்காக, அதாவது மேலிருந்து கீழாக வெட்டினால் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக்கூடாது, குறுக்காக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. நாலரை அங்குலச் சுவரில் குறுக்கே முக்கால் அங்குலம்தான் கணக்கு. அதற்குள் பைப்பும் பூச்சும் அடங்காது. அங்கே பைப்பைச் சுவருக்கு வெளியே கிளாம்ப் அடித்துக் கொண்டுபோவதே சரி. பார்க்க நன்றாயிராது என்பார்கள், விரிசல் விட்ட சுவர் அதைவிட நன்றாயிராது. தூண், பீம் பக்கம் உளியே போகக்கூடாது. இன்னொன்று, பழைய பைப்பைப் பிடுங்கி எடுக்கத்தான் வேண்டும் என்று சுவர் முழுக்கக் கொத்தாதீர்கள். இரண்டு முனையையும் துண்டித்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்து, மூடி போட்டு அப்படியே விட்டுவிடலாம். ஆனால் பாதிப் பழைய பைப்பில் புதுப் பைப்பைச் சேர்த்து ஓட்டுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான். பழைய துண்டிலிருந்து உதிரும் துரு புது டேப்புகளைத்தான் அடைக்கும்.

பைப் வாங்கும்போது வெள்ளை யூ.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் மலிவு என்று வெந்நீர் லைனுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். அது சூட்டில் தளரும். 93 டிகிரி வரை தாங்கும் சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பைப்தான் வெந்நீருக்கு. கீசரிலிருந்து சூடு பின்னோக்கியும் வரும் என்பதால், அதற்குப் போகும் பச்சைத் தண்ணீர் லைனும் சி.பி.வி.சி.யாகவே இருக்கட்டும். கீசரை ஒட்டி மட்டும் உலோகப் பின்னல் ஹோஸ். இரண்டு பைப்புக்கும் ஒட்டும் சொல்யூஷன் வேறு வேறு, டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்த்து வாங்குங்கள். டேப் மாட்டுகிற இடத்தில் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங்தான் வேண்டும், வெறும் பிளாஸ்டிக் மரையை ஸ்பேனரால் இறுக்கினால் வெடிக்கும். அப்புறம், 3 மீட்டர் சி.பி.வி.சி. பைப் 40 டிகிரி சூடேறினால் ஏழெட்டு மில்லிமீட்டர் நீளும். எல்போ பக்கம் கலவையை இறுக்கித் திணிக்காமல், பைப்பைச் சுற்றி ஃபோம் சுற்றிவிட்டால் அது அசைய இடம் கிடைக்கும்.

பூசும் அவசரம்தான் அடுத்த பெரிய தவறு. கொத்தனாரைச் சும்மா உட்கார வைத்தால் கூலி போகுமே என்று, ஒட்டிய அன்று மாலையே பூசிவிடுகிறார்கள். கொத்தனாரை இரண்டு நாள் கழித்தே வரச் சொல்லுங்கள். ஒட்டியதை ஒரு நாள் காயவிட்டு, பிறகு கைப் பம்பு வைத்துப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மாடித் தொட்டியைத் திறந்துவிட்டு ஒழுகவில்லை என்பது டெஸ்ட் ஆகாது. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் வரும், நாளைக்கு நீங்கள் பிரஷர் பம்பு மாட்டினால் அது இரண்டு மூன்று மடங்காகிவிடும். வரக்கூடிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒரு மணி நேரமாவது பிரஷர் மீட்டரின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீரால் மட்டும் டெஸ்ட் செய்யுங்கள், கம்ப்ரசர் காற்றை ஏற்றினால் பிளாஸ்டிக் சிதறித் தெறிக்கும்.

முள் அசையவில்லை என்றால், பூசும் முன் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு டேப் முனைகளில் உள்ள வலைகளைக் கழற்றிவிட்டு, கீசரை இணைக்காமல், தண்ணீரைத் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். அறுத்த பிளாஸ்டிக் தூளும் சிமெண்டு மணலும் அந்த முதல் ஓட்டத்திலேயே வெளியே வந்துவிடும்.