ரெஸ்யூமே எழுதித் தருபவருக்குப் பணம் கொடுக்கலாமா? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவுக்கு வந்த முதல் வாரங்களில், வாடகைக்கும் குளிர்கால உடுப்புகளுக்கும் கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும் வேளையில், உங்கள் ரெஸ்யூமேயைக் கனடிய முறைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் கண்ணில் படும். கட்டணம் பெரும்பாலும் சில நூறு டொலர்கள். மூத்த பதவிகளுக்கு ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒன்ராறியோவில் அதற்கு மேல் 13 சதவீத எச்.எஸ்.டி. வரியும் சேர்வதால், 400 டொலர் என்று சொல்லப்படும் சேவைக்கு 452 டொலர் கொடுக்க நேரிடும். வந்த புதிதில் பெரும்பாலானோருக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. சிலருக்குச் சில மாதங்கள் கழித்துத் தேவைப்படலாம். அந்தச் சிலர் யார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கனடிய முறை என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி நீங்களே ஒரு மாலைப் பொழுதில் செய்துகொள்ளக் கூடியது. புகைப்படம், பிறந்த திகதி, தந்தையின் பெயர், மதம், திருமண நிலை, கடவுச்சீட்டு எண், மேற்கூறிய யாவும் உண்மை என்று கையொப்பமிடும் உறுதிமொழி ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். வயது, மதம், இனம், குடும்ப நிலை போன்றவற்றின் அடிப்படையில் ஆட்களைத் தேர்வதை ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் தடை செய்வதால், வேலை தருபவர்கள் இந்த விவரங்களைப் பார்க்கவே விரும்புவதில்லை. சமூகக் காப்புறுதி எண்ணான சின் எண்ணை ரெஸ்யூமேயில் ஒருபோதும் எழுதக் கூடாது. வேலை கிடைத்த பிறகு கொடுத்தால் போதும். அண்மைய வேலையை முதலில் வைத்து, இரண்டு பக்கங்களுக்குள் முடிப்பது வழக்கம். பல பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்கள் முதலில் கணினி மென்பொருளுக்குள்தான் போகின்றன. அட்டவணைகளையும் இரட்டைப் பத்திகளையும் படக்குறிகளையும் அது தவறாக வாசிக்கக் கூடும் என்பதால், அலங்காரமில்லாத எளிய வடிவமே பாதுகாப்பானது.

அந்த முதல் வரைவைச் சரிபார்த்துத் தருவதற்கு இலவச உதவி நிறையவே இருக்கிறது. மத்திய அரசின் குடிவரவுத் துறை நிதியளிக்கும் குடியமர்வு அமைப்புகள், நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் வேலை தேடும் உதவியைக் கட்டணமின்றி வழங்குகின்றன. மாகாண அரசின் எம்ப்ளாய்மென்ட் ஒன்ராறியோ நிலையங்களிலும் ரெஸ்யூமேயைத் திருத்தவும் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி பெறவும் பணம் கேட்பதில்லை. ஸ்காபரோவில் வசிப்பவர்கள் ஆக்செஸ் எம்ப்ளாய்மென்ட் போன்ற அமைப்புகளைப் பேருந்திலேயே சென்றடையலாம். ரொறன்ரோ பொது நூலகத்தின் சில கிளைகளில் குடியமர்வுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படிப்பவர்களுக்கு அங்கேயே வேலைவாய்ப்பு மையம் உண்டு. தற்காலிக அனுமதியில் இருப்பவர்களுக்கு எல்லாச் சேவைகளும் பொருந்தா என்பதால், முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. இலவசம் என்றால் தரம் குறைவு, அது வசதியற்றவர்களுக்கானது என்ற எண்ணம் நம்மவர்களில் பலருக்கு இருக்கிறது. அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள். புதிதாக வருபவர்களுக்காகவே இந்தச் சேவைகள் நடத்தப்படுகின்றன.

ரெஸ்யூமேயின் வலு அதன் உள்ளடக்கத்தில்தான் இருக்கிறது. அந்த உள்ளடக்கம் உங்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. கொழும்பிலோ சென்னையிலோ கணக்காளராக இருந்த ஒருவர் "மாதாந்தக் கணக்குகளைக் கவனித்தேன்" என்று எழுதினால், அவருக்கும் மற்ற நூறு பேருக்கும் வேறுபாடு தெரியாது. எத்தனை கிளைகளின் கணக்குகளை முடித்தார், எந்த மென்பொருளில், மாத முடிவு வேலையை எத்தனை நாள் விரைவாக்கினார், எத்தனை பேரை மேற்பார்வை செய்தார் என்பவற்றைச் சொன்னால்தான் அந்த வரி பேசும். இவற்றை உங்களிடம் கேட்டு எடுக்காத எழுத்தாளர், வேலை விளம்பரத்தில் உள்ள சொற்களை அழகாக அடுக்கித் தருவார், அவ்வளவுதான். பிறகு நேர்முகத் தேர்வில் அந்த வரிகளைப் பற்றிக் கேட்கும்போது, தாளில் உள்ள ஆங்கிலத்துக்கும் உங்கள் பேச்சுக்கும் இடையே உள்ள தூரம் உடனே தெரிந்துவிடும். இதனால்தான், பணம் கொடுப்பதாக இருந்தாலும் முதல் வரைவை நீங்களே எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

பல ஆண்டு அனுபவத்துடன் மேலாளர் அல்லது இயக்குநர் நிலைக்கு விண்ணப்பிப்பவர், ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர், இலவச உதவியுடன் திருத்திப் பொருத்தமான வேலைகளுக்குப் பலமுறை அனுப்பியும் ஒரு அழைப்பும் வராதவர் ஆகியோருக்குத் திறமையான எழுத்தாளர் பயன்படுவார். அதற்கு முன், தடை ரெஸ்யூமேதானா என்று பார்க்க வேண்டும். மருத்துவர், தாதி போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களில் உரிமம் இல்லாமல் எத்தனை சிறந்த ரெஸ்யூமேயும் பயன் தராது. அவர்கள் அந்தப் பணத்தைச் சான்றிதழ் மதிப்பீட்டுக்கோ தேர்வுக் கட்டணத்துக்கோ செலவிடுவதே சரி.

ரெஸ்யூமே எழுதும் தொழிலுக்கு ஒன்ராறியோவில் உரிமம் எதுவும் இல்லாததால், யாரும் தம்மை நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடியும். நல்லவரை அவர் உங்களிடம் கேட்கும் கேள்விகளை வைத்தே அடையாளம் காணலாம்: பணம் வாங்குவதற்கு முன்பே எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அந்த வேலை விளம்பரத்தைக் காட்ட முடியுமா என்று கேட்பார். நிச்சயம் வேலை கிடைக்கும் என்று உறுதி கூறுபவரிடமிருந்து விலகிவிடுங்கள். அந்த உறுதியைக் காப்பாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று, தான் வேலைக்கு அனுப்பும் பணியாளரிடம் ரெஸ்யூமே தயாரிக்க உதவியதற்கென்று கட்டணம் வாங்குவதை ஒன்ராறியோவின் வேலை நியமச் சட்டம் தடை செய்கிறது. இதை அறியாமல் பணம் கொடுப்பவர்கள் இருப்பதாலேயே இங்கே குறிப்பிடுகிறேன்.

பொய்யான கனடிய அனுபவத்தைச் சேர்த்துத் தருகிறோம், தெரிந்த கடையின் பெயரில் பரிந்துரைக் கடிதம் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அது உங்கள் எதிர்காலத்தையே பணயம் வைக்கும் செயல் என்று அறிந்துகொள்ளுங்கள். அந்தப் பொய்யை நிரந்தர வதிவிட விண்ணப்பத்திலும் காட்டினால், தவறான தகவல் தந்ததாக முடிவாகி, ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் வர முடியாத நிலை ஏற்படலாம். குடிவரவு விண்ணப்பத்தில் கொடுத்த பதவிப் பெயர்களும் காலங்களும், ரெஸ்யூமேயிலும் லிங்க்ட்இன் பக்கத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இந்தப் பொய்க்கு இப்போது தேவையும் குறைந்திருக்கிறது: 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள், பொது வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்று கேட்கக் கூடாது என்ற ஒன்ராறியோ விதி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

பணம் கொடுக்க முடிவு செய்துவிட்டால், எத்தனை முறை திருத்தித் தருவார், எத்தனை நாளில் தருவார், பிடிக்காவிட்டால் என்ன என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கட்டணத்தின் ஒரு பகுதியை மட்டும் முன்னால் செலுத்துங்கள். ஒவ்வொரு வேலைக்கும் சிறு மாற்றம் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், பி.டி.எப். மட்டுமல்லாமல் நீங்களே திருத்தக் கூடிய வேர்ட் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்து, உதாரணத்துடன் இரண்டு நிமிடம் விளக்க முடியாத வரி எதுவாக இருந்தாலும் அதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.