புதிய பொழுதுபோக்கா? கடைக்குப் போகும் முன் கிளை நூலகத்துக்குப் போங்கள்

கிடார், தொலைநோக்கி, குரோஷே ஊசி செட், மீன்தொட்டி. ஆசை வந்த வாரத்தில் வாங்கி, மூன்றாம் மாதம் பரணில் ஏறும் பொருள்களின் பட்டியல் இது. ஒரு பொழுதுபோக்கு நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கப் பொருள் தேவையில்லை, பதினைந்து நாள் போதும். கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்தால் திருப்பித்தர ஏறத்தாழ அவ்வளவு நாள்தான் தருகிறார்கள். திருப்பித்தர வேண்டிய தேதிக்குள் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு வேலையைச் செய்துபார்த்தீர்களா என்பதுதான் சோதனை. செய்யாவிட்டால் கடைக்குப் போக வேண்டாம்.

உறுப்பினர் ஆவது பெரிய காரியமல்ல. முகவரிச் சான்றும் புகைப்படமும் கொண்டுபோனால் படிவம் தருவார்கள். திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை ஒன்றும் சிறிய ஆண்டுச் சந்தா ஒன்றும் கட்ட வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்பது வைப்புத்தொகையைப் பொறுத்தது. முடிந்தால் மூன்று புத்தகத்துக்கான அட்டையாக வாங்குங்கள், காரணம் கீழே வருகிறது. பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும், ஆனால் கூட்டம் இருக்கும். நூலகரிடம் நிதானமாகப் பேச வேண்டுமென்றால் வாரநாள் முற்பகல் நல்லது. இன்னொன்று: 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது நூலகச் சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வீட்டுவரி கட்டுபவர் ஏற்கெனவே இந்தப் புத்தகங்களுக்குப் பணம் கொடுத்தவர்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

எங்கே தேடுவது

"பொழுதுபோக்குப் புத்தகம் எங்கே இருக்கு?" என்று கேட்டால் நாவல் அலமாரியைக் காட்டுவார்கள். தமிழ் நூலகங்களில் பொழுதுபோக்கு என்றால் கதை. "மொட்டைமாடியில் காய்கறி வளர்க்க", "செஸ் கற்றுக்கொள்ள", "எம்பிராய்டரி டிசைன்" என்று வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

அதைவிட நல்லது, எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டு நேராக அலமாரிக்குப் போவது. பாடத்துக்கு ஓர் எண் தரும் டியூயி பகுப்பு முறையில் அடுக்கியிருக்கும் நூலகங்களில், புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். பறவைகள் 598, வான்நோக்கு 520 முதல் 523 வரை, தோட்டம் 635, மீன்தொட்டி 639.34, சமையல் 641.5. காகித மடிப்பு 736.98, நாணயம் 737.4, ஓவியப் பயிற்சி 741.2, பின்னலும் குரோஷேயும் 746.43, எம்பிராய்டரி 746.44, தபால்தலை 769.56, புகைப்படம் 770, மேஜிக் 793.8, சதுரங்கம் 794.1. எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் கலந்திருந்தால் அது சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு. அதில் வேளாண்மை 'ஜே', விலங்கியல் 'கே', நுண்கலை 'என்'.

எண்களைப் பார்த்தாலே ஒரு சங்கடம் தெரியும். நமக்கு ஒரே ஆசையாகத் தோன்றுவது நூலகத்தில் மூன்று அலமாரியில் சிதறிக் கிடக்கிறது. பறவை பார்ப்பவருக்கு 598 மட்டும் போதாது, பறவையைப் படம் எடுக்க 770, வரைய 741க்கும் போக வேண்டும். நாணயமும் தபால்தலையும் ஒரே ஆளின் பித்தாக இருக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓவியம், தையல், அச்சுக்கலை எல்லாம் உட்கார்ந்திருக்கும். சிறிய கிளைகளில் இந்த ஒழுங்கும் இருக்காது. வாசகர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் செருகிய புத்தகங்களே பாதி. அந்த எண்ணுக்கு மேலும் கீழும் ஒரு தட்டு சேர்த்துப் பாருங்கள்.

சிறுவர் பகுதியைத் தவறவிடாதீர்கள். ஒரு கைவேலையை முதன்முதலாகச் செய்பவருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பெரியவர்களுக்கான புத்தகம் மூன்று படிகளை ஒரே வாக்கியத்தில் தாண்டும். சிறுவர் புத்தகத்தில் படிக்கு ஒரு படம் இருக்கும்.

மூன்று புத்தகம், ஐந்து நிமிடம்

ஒரே விஷயத்துக்கு மூன்று புத்தகம் எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்றில் விளங்காத படி இன்னொன்றில் விளங்கும். மூன்றும் ஒரே அளவைச் சொன்னால் அது நம்பத்தக்க அளவு. மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் அந்த இடத்தில் அளவு முக்கியமில்லை, அல்லது யாரோ செய்துபார்க்காமல் எழுதியிருக்கிறார்.

அலமாரி முன்னால் நின்றபடியே ஒவ்வொன்றையும் சோதியுங்கள். தேவையான பொருள்கள் எண்ணிக்கையோடும் அளவோடும் இருக்கின்றனவா? "போதுமான அளவு", "தேவைக்கேற்ப" என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தால் வைத்துவிடுங்கள். "தவறு எங்கே நேரும்" என்று ஒரு இடத்திலாவது சொல்கிறதா? சொன்னால் எழுதியவர் கையால் செய்தவர். பின்பக்கம் உறை ஒட்டியிருந்தால் உள்ளே டிசைன் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். எம்பிராய்டரி, தையல் புத்தகங்களில் முதலில் காணாமல் போவது அதுதான். இல்லையென்றால் எடுக்கும்போதே நூலகரிடம் காட்டிவிடுங்கள், பிறகு உங்கள் தலையில் விழும்.

பதிப்பாண்டைப் பார்க்கும்போது ஏமாறாதீர்கள். "எட்டாம் பதிப்பு 2019" என்று போட்டிருக்கும். அதே பக்கத்தில் "முதற் பதிப்பு 1978" என்றும் இருக்கும். இடையில் திருத்தியதற்கான குறிப்பு இல்லையென்றால், கையில் இருப்பது 1978தான். காகித மடிப்புக்கும் பென்சில் ஓவியத்துக்கும் இதனால் நஷ்டமில்லை. தபால்தலை விலைப்பட்டியலுக்கும் பூச்சிமருந்துப் பரிந்துரைக்கும் அந்தப் பக்கங்களை நம்பவே கூடாது. பழைய புகைப்படப் புத்தகத்தில் ஃபிலிம் கழுவும் அத்தியாயத்தைத் தள்ளிவிட்டு, ஒளித்துளை, ஷட்டர் வேகம் பற்றியதைப் படியுங்கள். அது இன்றைய கேமராவுக்கும் அப்படியே பொருந்தும்.

புத்தகம் சரி, ஊர் வேறு

ஆங்கிலப் புத்தகங்களில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். புத்தகத்தில் தவறு இருக்காது, ஆனால் அது வேறு ஊருக்கு எழுதியது.

வான்நோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியுமோ அதுவே உங்கள் ஊரின் அட்சரேகை. லண்டனில் 51 பாகை, சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. கையை முழுதாக நீட்டி மூடிய முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. லண்டன்காரர் ஐந்து முஷ்டி உயரத்தில் பார்ப்பதை நாம் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, வேப்பமரத்துக்குப் பின்னால் தேட வேண்டும். அங்கே தெற்கில் சாய்ந்து நிற்கும் ஓரியன் விண்மீன் கூட்டம் இங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வரும். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு சிரியஸ் என்ற விண்மீனுக்குக் கீழே தெற்கில் பளிச்சென்று நிற்கும் அகத்திய விண்மீன் (கனோபஸ்) லண்டன் வரைபடத்தில் இருக்கவே இருக்காது, அது அங்கே உதிப்பதே இல்லை. ஆகவே வான்வரைபடம் எடுக்கும்போது எந்த அட்சரேகைக்கு வரைந்தது என்று ஓரத்தில் பாருங்கள். 10 முதல் 20 வடக்கு வரை என்றால் தமிழ்நாட்டுக்கு ஒத்துவரும்.

குரோஷேயில் வேறு வகைக் குழப்பம். பிரிட்டிஷ் புத்தகம் 'டபுள் குரோஷே' என்பதை அமெரிக்கப் புத்தகம் 'சிங்கிள் குரோஷே' என்கிறது. அமெரிக்க 'டபுள்' பிரிட்டனில் 'ட்ரெபிள்'. மாற்றிப் போட்டால் வரிசையின் உயரமே மாறிவிடும், குல்லா தலையில் நுழையாது. அடையாளம் எளிது: 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் எங்காவது வந்தால் அது அமெரிக்கப் புத்தகம்.

சதுரங்க அலமாரியில் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் நிறைய இருக்கும், மலிவாகக் கிடைத்த நல்ல சரக்கு. அவற்றில் நகர்வுகள் 'பி-கே4' (சிப்பாய், ராஜா வரிசையின் நான்காம் கட்டத்துக்கு) என்று எழுதியிருக்கும். இது பழைய விவரணக் குறியீடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பெயர், வெள்ளை பக்கமிருந்து ஒன்று, கறுப்பு பக்கமிருந்து ஒன்று. வெள்ளையின் 'கே4' இன்றைய 'இ4', கறுப்பின் 'கே4' இன்றைய 'இ5'. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1981 முதல் போட்டிகளில் இந்த முறையை ஏற்பதில்லை. புதிதாகத் தொடங்குபவர் 'இ4', 'என்எஃப்3' என்று எழுதிய புத்தகத்தையே எடுங்கள். ஆட்டம் பழகியபின் பழையதைப் படிக்க அரை மணி நேரப் பழக்கம் போதும்.

தோட்டப் புத்தகம் "கடைசிப் பனி உருகியதும் விதையுங்கள்" என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். நமக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம்.

பதினைந்து நாளில் என்ன செய்வது

மாடித்தோட்டத்தை இங்கே முழுதாகச் சொல்கிறோம், ஏனென்றால் இரவல் காலமும் பயிரின் காலமும் இவ்வளவு அழகாகப் பொருந்துவது வேறெதிலும் இல்லை. தக்காளி, கத்தரி என்று தொடங்காதீர்கள், காய்ப்பதற்குள் புத்தகத்தை ஐந்து முறை புதுப்பிக்க வேண்டும். முளைக்கீரை 21 முதல் 25 நாளில் பறிக்க வரும். ஒரு இரவல், ஒரு புதுப்பிப்பு, கணக்கு முடிந்தது.

முதல் இரண்டு நாள் படிப்பது மட்டும். மூன்று புத்தகத்திலும் மண்கலவை, விதைப்பு, நீர் என்ற மூன்று பகுதியை மட்டும் படித்து ஒரு தாளில் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் விதையுங்கள். அரை அடி ஆழமுள்ள பழைய பிளாஸ்டிக் டப்பா போதும், அடியில் நான்கைந்து துளை போடுங்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு. நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை அலசிவிட்டுச் சேருங்கள். அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு முளையின் நுனியைக் கருக்கும்.

கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு கைப்பிடி உலர்ந்த மணல் கலந்து தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் போடுங்கள். ஒரு விரற்கடை மண் போட்டால் முளை மேலே வராது. செம்பால் தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கும், பூவாளியால் தெளியுங்கள். அடுத்த எதிரி எறும்பு, ஒரே இரவில் விதையைத் தூக்கிப்போய்விடும். தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிமாவு தூவினால் எறும்பு அங்கேயே நின்றுவிடும். விதைத்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பச்சை தெரியும். எட்டாம் நாள்வாக்கில் செடிகள் கழுத்தில் மெலிந்து சாய்ந்தால் தண்ணீர் அதிகம், நெருக்கம் அதிகம். நடுநடுவே சில செடிகளைப் பிடுங்கிவிட்டு, காலையில் ஒரு வேளை மட்டும் தெளியுங்கள். இந்த நேரத்தில் புத்தகத்தைத் திறந்து நாற்றழுகல் பகுதியைப் படித்தால், முதல் நாள் புரியாதது எல்லாம் புரியும்.

காகித மடிப்பென்றால் ஒரு மாலை போதும். சிறு கோடுகளாக விட்டுவிட்டு வரைந்திருந்தால் உள்மடிப்பு, கோடும் புள்ளியும் மாறிமாறி வந்தால் வெளிமடிப்பு. இந்த இரண்டு குறி தெரிந்தால் எந்த மொழிப் புத்தகமும் படிக்கலாம். ஏ4 தாளிலிருந்து 21 சென்டிமீட்டர் சதுரம் வெட்டுங்கள். சதுரம் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் கொக்கின் அலகு கோணிவிடும்.

எடுத்துப்போக முடியாத புத்தகம்

படங்கள் நிறைந்த பெரிய புத்தகங்கள் பெரும்பாலும் குறிப்புதவிப் பிரிவில் இருக்கும், வீட்டுக்குத் தரமாட்டார்கள். டிசைனைப் பிரதியெடுக்க பட்டர் பேப்பரும் 2பி பென்சிலும் கொண்டுபோங்கள். பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தால் கீழே பக்கத்தில் தடம் பதியும், கார்பன் தாளைப் புத்தகத்துக்குக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். கைபேசியில் படமெடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

கிளையில் இல்லாததற்கு மாவட்ட மைய நூலகம். அங்கும் இல்லையென்றால், சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகலாம். 1896இல் திறந்தது. நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்துசேரும் நூலகங்களில் ஒன்று என்பதால், கடையில் கிடைக்காத பழைய கைத்தொழில் கையேடுகளுக்கு அதுவே இடம். படத்தொகுப்பு நூல்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும். வீட்டிலிருந்தே என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம். பழைய சமையல், தையல், விளையாட்டு நூல்களை இரண்டிலும் தேடிப்பாருங்கள்.

கடைசியாக, வாசகர் வட்டம். கூட்டங்கள் பெரும்பாலும் இலக்கியம் பற்றித்தான் இருக்கும், ஆனால் அதில் ஒருவராவது மாடித்தோட்டம் வைத்திருப்பார், ஒருவர் நாணயம் சேர்ப்பார். விதையும், இரண்டாகச் சேர்ந்துவிட்ட நாணயமும் கைமாறுவது அங்கேதான். நூலகரிடம் தேதி கேட்டு வையுங்கள்.

புதுப்பிக்க வேண்டுமென்றால் கெடு முடிய ஒரு நாள் முன்னதாகவே புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வேறொரு வாசகர் கேட்டிருந்தால் தரமாட்டார்கள். அப்போது குறித்துவைத்த பக்க எண்களோடு மற்ற இரண்டு புத்தகத்தையும் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்.