ரிக்டர் பியானோவை கேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு: எதுல ஆரம்பிச்சு எப்படி போகணும்

வெஸ்டர்ன் க்ளாசிக்கல் பியானோ கேக்கணும், யார்கிட்ட ஆரம்பிக்கலாம்னு யாராவது கேட்டா நான் சோவியத் பியானிஸ்ட் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர் பேரைத்தான் சொல்வேன். ஆனா அவர் ரெக்கார்டிங் ஏகப்பட்டது கிடக்கு, நிறைய லைவ், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சவுண்டு, அதனால கண்ணுல பட்ட ஏதோ ஒண்ணை போட்டுட்டு நமக்கு இது ஒத்து வராதுன்னு விட்டுடுறாங்க. அவர் வாழ்க்கையையும் கொஞ்சம் தெரிஞ்சுகிட்டு ஒரு வரிசையில கேட்டா பிடிபட்டுடும்.

முதல்ல ஆளைப் பத்தி. 1915ல உக்ரைன்ல ஜிதோமிர்ல பிறந்து ஒடெசால வளர்ந்தவர். அப்பா ஜெர்மன் வம்சாவளி, பியானோ ஆர்கன் ரெண்டும் வாசிப்பார். இவர் சின்ன வயசுல முறையா பாடம் எடுத்ததே கம்மி, கைல கிடைச்ச ஆபரா ஸ்கோரை (இசையை குறிச்சு வெச்ச புத்தகம்) எல்லாம் பியானோல தானே வாசிச்சு பாத்து கத்துகிட்டு, ஒடெசா ஆபரால ஒத்திகைக்கு வாசிக்கிற வேலைக்கு போயிட்டார். 1937ல, 22 வயசுலதான் மாஸ்கோ கன்சர்வேட்டரிங்கற இசைக் கல்லூரிக்கு போய் ஹென்ரிக் நெய்காஸ்ங்கற பியானோ வாத்தியார்கிட்ட சேந்தார், அங்கயும் கட்டாய அரசியல் பாடம் படிக்க மாட்டேன்னு அடம்பிடிச்சதுல வெளிய அனுப்பிட்டாங்க, நெய்காஸ்தான் திரும்ப வரவெச்சார். 1941ல அப்பாவை ஜெர்மன் உளவாளின்னு சொல்லி சோவியத் அரசாங்கம் சுட்டுக் கொன்னுடுச்சு, அம்மா ஜெர்மனிக்கு போயிட்டாங்க, மறுபடி அம்மாவைப் பாத்தது 1960லதான். இதை அப்படியே இசையோட முடிச்சு போட வேண்டாம், ஆனா எந்த வருஷத்து ரிக்டரை கேக்குறோம்னு தெரிஞ்சு கேளுங்க.

முதல் நாள் ராக்மனினாஃப் ரெண்டாவது கன்செர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கிறது), 1959ல வார்சா ஆர்கெஸ்ட்ராவோட, விஸ்லோட்ஸ்கி நடத்தினது. சவுண்டு நல்லா இருக்கும், மெலடி உடனே ஒட்டிக்கும். ஆரம்பத்துல ஆர்கெஸ்ட்ரா வர்றதுக்கு முன்னாடி பியானோ மட்டும் கார்டு கார்டா (பல நோட்டு ஒண்ணா சேந்து ஒலிக்கிறது) வரும் பாருங்க, அதை எவ்வளவு நிதானமா, ஒவ்வொண்ணா பெருசாக்கிட்டே போறார்னு மட்டும் கவனிங்க, போதும்.

அடுத்தது 1958 பிப்ரவரி, சோஃபியால நடந்த கச்சேரி. அப்போ மேற்கு நாடுகள்ல அவர் மேடை ஏறினதே இல்ல, இந்த ரெக்கார்டிங் போய்த்தான் அங்க பேர் பரவுச்சு. முசோர்க்ஸ்கியோட படக் கண்காட்சி (Pictures at an Exhibition) முழுசா இருக்கு. முன்கூட்டியே சொல்லிடுறேன், சவுண்டு சுமார்தான், ஜனங்க இருமிக்கிட்டே இருப்பாங்க, அங்கங்க தப்பான நோட்டும் விழும். விட்டுடாதீங்க. சத்தம் குறைச்சு க்ளீன் பண்ணின வெர்ஷன் தேடவும் வேண்டாம், வால்யூமை கொஞ்சம் ஏத்திட்டு அதுல கடைசி பகுதியான கீவ் வாசல் வரைக்கும் ஒரே மூச்சுல கேளுங்க. அதே கச்சேரில லிஸ்ட்டோட ஃபூ ஃபோல்லேங்கற எட்யூடும் (பயிற்சி உருப்படி மாதிரி) இருக்கு, நாலு நிமிஷம் கூட வராது, வலது கைல ரெண்டு ரெண்டு நோட்டா அவ்வளவு வேகத்துல அவ்வளவு மெதுவான சத்தத்துல ஓடும், நான் இதுக்கு ஈடா இன்னொண்ணு கேட்டதில்ல.

இப்போ முக்கியமானதுக்கு வருவோம். ஷூபர்ட் கடைசியா எழுதின பி ஃப்ளாட் சொனாட்டா (பல பகுதி உள்ள பெரிய உருப்படி), பட்டியல் நம்பர் டி 960, 1972 ஸ்டுடியோ ரெக்கார்டிங். முதல் பகுதி மட்டுமே 24 நிமிஷத்துக்கு கிட்ட போகும், வேற யாரும் இவ்வளவு மெதுவா வாசிக்கிறது அபூர்வம், திரும்ப வாசின்னு ஸ்கோர்ல போட்டிருக்கிற ரிபீட்டையும் விடாம வாசிப்பார், ரிபீட் போட்டிருந்தா வாசிச்சே ஆகணும்ங்கறது அவர் பிடிவாதம். இதுக்கு போனை தூரமா வெச்சுட்டு, லைட்டை அணைச்சுட்டு, ஹெட்ஃபோன்ல கேளுங்க. எட்டாவது பார்ல (தாள ஆவர்த்தனம் மாதிரி) இடது கைல ரொம்ப கீழ ஒரு ட்ரில் (பக்கத்து ரெண்டு நோட்டு மாறி மாறி வேகமா அதிர்றது) வரும், வந்த உடனே எல்லாம் நின்னு போகும், அந்த அமைதியை அவர் அவசரமே இல்லாம விட்டு வைப்பார். அது பழகிடுச்சுன்னா மீதி 20 நிமிஷமும் நீளமா தெரியாது. கனடா பியானிஸ்ட் க்ளென் கூல்ட் ஷூபர்ட்டை விரும்பி கேக்குற ஆளே இல்ல, அவரே 1957ல மாஸ்கோல இவர் இதை வாசிக்கக் கேட்டு அசந்து போயிட்டதா பின்னாடி சொல்லியிருக்கார். முதல் தடவை தூக்கம் வந்தா பரவாயில்ல, வேற நாள் காலைல கேளுங்க.

அதுக்கு நேர் எதிரா ப்ரோகோஃபியெவ் ஏழாவது சொனாட்டா. போர் நடந்துட்டு இருந்த 1943 ஜனவரில மாஸ்கோல முதல்முதலா இதை வாசிச்சவரே ரிக்டர்தான், அதுவும் நாலே நாள்ல படிச்சு. கடைசி பகுதி ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு பழகின காதுக்கு ஏழு புதுசு இல்ல, ஆனா இங்க 2, 3, 2ன்னு பிரியும், அதனால தொடைல தட்டி எண்ணிட்டே கேட்டா தடுமாறாது.

பாக் மொத்தமா கேக்காதீங்க. வெல் டெம்பர்ட் க்ளேவியர்னு ரெண்டு புத்தகம், ப்ரெலூடும் ஃப்யூகும் சேந்து ஒரு ஜோடின்னு மொத்தம் 48 ஜோடி, எழுபதுகளோட ஆரம்பத்துல சால்ஸ்பர்க்ல பதிவு பண்ணது, கொஞ்சம் எதிரொலி ஜாஸ்தி. தினம் ஒரு ஜோடி போதும்.

முடிஞ்சா ஸ்கோரை திறந்து வெச்சுட்டு கேளுங்க, ஷூபர்ட், பாக் எல்லாம் ஐஎம்எஸ்எல்பி சைட்ல இலவசமா கிடைக்கும். நோட்டேஷன் படிக்க வராதுன்னாலும் கோடு ஏறுது இறங்குதுன்னு கண்ணால தொடர்ந்தா போதும். எழுதினதை எழுதினபடி வாசிக்கணும், அவ்வளவுதான் பியானிஸ்ட் வேலைன்னு நம்பினவர் அவர், எண்பதுகள்ல காது சுருதி மாறி கேக்க ஆரம்பிச்ச பிறகு மேடையிலயே ஸ்கோரை வெச்சுத்தான் வாசிச்சார், ஹால் முழுக்க இருட்டு, ஸ்கோர் மேல மட்டும் ஒரு சின்ன விளக்கு, ஜனங்க தன் மூஞ்சியைப் பாக்காம இசையை கேக்கட்டும்னு. 1986ல சைபீரியா பக்கம் ஆறு மாசம் சுத்தி சுமார் 150 கச்சேரி, ஹாலே இல்லாத சின்ன ஊர்ல கூட வாசிச்சிருக்கார். கடைசி கச்சேரி 1995 மார்ச், ஜெர்மனில லூபெக்ல, 1997ல காலமாயிட்டார்.

ப்ரூனோ மோன்சாஞ்ஜோன் எடுத்த டாக்குமெண்டரி ஒண்ணு இருக்கு, வயசான ரிக்டரே உக்காந்து பேசுறார். அதை மேல சொன்னதெல்லாம் கேட்டு முடிச்சப்பறம் பாருங்க, முதல்லயே பாத்தா அந்த முகம்தான் மனசுல நிக்கும், அப்பறம் ஷூபர்ட்டை சும்மா கேக்க முடியாது.