தோல் பர்ஸ் தைப்பவர்கள் பணத்தைத் தொலைக்கும் இடங்கள்

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் ஒரே சாலையில் வந்துவிடும். ஷூ கம்பெனிக்கு வெட்டியது போக மீதமாகும் நல்ல தோல் அங்கே கிடைக்கும். அதை வாங்கி வந்து வீட்டிலேயே பர்ஸ் தைக்கலாம் என்று இறங்குகிறவர்கள் அடிக்கடி யோசனை கேட்டு வருகிறார்கள். நான் விழுந்து எழுந்த குழிகளிலேயே அவர்களும் விழுகிறார்கள்.

ஊசியைத் திருப்பிப் போடுவது, நூலை வழி மாற்றிக் கோர்ப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அதெல்லாம் இரண்டு நாளில் தானாகப் பழகிவிடும்.

பெல்ட் மெஷினில் பர்ஸ்

காவேரிப்பட்டினத்துத் தம்பி ஒருவர் நகையை அடகு வைத்து ஒரு பெரிய மெஷின் வாங்கினார். சேணம், பெல்ட், கனமான பை தைப்பதற்கென்றே வந்த 441 ரகம். "பெல்ட்டையே தைக்குது, பர்ஸைத் தைக்காதா?" என்று விற்றவர் கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு வீட்டார் பர்ஸ் ஆர்டர் கொடுத்தார்கள். தைத்துக் கொண்டுபோனதும் பார்த்துவிட்டு எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, டென்ஷனை எவ்வளவு திருகினாலும் முடிச்சு அடியில தெரியுது. கொஞ்சம் கூட்டினா மேல வந்துடுது" என்றார். நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகில் ஒரு குறையும் இல்லை. அந்த நூலின் முடிச்சு ஒளிந்துகொள்ளத் தோலுக்குள் இடமே இல்லை, அவ்வளவுதான்.

மேல் நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும் இடம்தான் முடிச்சு. அது தோலின் நடுவில் புதைந்தால்தான் இரண்டு பக்கமும் தையல் ஒரே மாதிரி தெரியும். பர்ஸில் கார்டு வைக்கும் அறையின் ஓரத்தில் 0.8 மி.மீ. தோல் இரண்டு அடுக்கு, ஆக 1.6 மி.மீ. பெல்ட் தைக்கும் நூலின் கனம் ஏறத்தாழ 0.6 மி.மீ. இரண்டு நூல் பின்னினால் 1.2 மி.மீ. அங்கேயே போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் இடத்தில் முடிச்சு எப்படிப் புதையும்?

சரி, நூலை மெலிதாக்கினால் போதுமே என்று தோன்றும். அப்போது ஊசி இடிக்கும். ஊசி அட்டையில் 110, 140, 200 என்று போட்டிருப்பதை நூறால் வகுத்தால் ஊசியின் கனம் மில்லிமீட்டரில் வந்துவிடும். 200 ஊசி போடுகிற துளை 2 மி.மீ. அதில் மெல்லிய நூல் ஓடினால் துளை பிளந்தபடி நிற்கும். ஊசியையும் சின்னதாக்கினால், தடித்த நூலுக்கென்று அமைந்த கொக்கி மெல்லிய நூலைச் சரியாகப் பிடிக்காமல் தையலை விட்டுவிட்டுப் போகும். அதையும் சமாளித்துவிட்டால், தோலை நகர்த்த அடியிலுள்ள பல் மெல்லிய தோலில் வரிவரியாகத் தடம் பதிக்கும். மேலே கால் அழுத்திய தடமும் சேர்ந்துகொள்ளும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது கிளம்புகிறது.

பர்ஸுக்கு வேண்டியது மேல் கால், ஊசி, அடிப்பல் மூன்றும் சேர்ந்து நகரும் வாக்கிங் ஃபுட் மெஷின். ஊசியே தோலை இழுத்துக்கொண்டு போவதால் கூரான பல் தேவைப்படாது. வழவழப்பான கால் போட்டுக்கொள்ளலாம். டெக்ஸ் 70 நூல் (டெக்ஸ் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் எண்), 110 ஊசி. மோட்டார், மெதுவாகவும் ஓட்ட முடிகிற சர்வோவாக இருக்கட்டும். மிதித்ததும் வேகமெடுக்கும் கிளட்ச் மோட்டாரில் பர்ஸின் மூலையைத் திருப்பும்போது ஒரு தையல் தாண்டி ஓடிவிடும். மூலை போனால் அந்தப் பர்ஸே போயிற்று.

எனக்கு இன்னமும் ஆறாத கோபம் என்னவென்றால், கடையில் மெஷினைக் காட்டுகிறவர்கள் 8 மி.மீ. தோலைத் தைத்துக் காட்டுகிறார்கள். நம் ஆட்களும் அதைப் பார்த்து அசந்துபோய் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பர்ஸ் தைக்கப் போகிறவர் தன் தோலில் இரண்டு துண்டும் தன் நூலும் கையில் கொண்டுபோக வேண்டும். "இதில் ஒரு சாண் தைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தைத்ததைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். வட்டி நீங்கள்தானே கட்டப் போகிறீர்கள்?

ஏற்கெனவே வாங்கியவர்கள் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டாம். அந்தத் தம்பி இப்போது பெரிய மெஷினில் பெல்ட், கைப்பிடி, பை வார் தைக்கிறார். பர்ஸை இரண்டு ஊசி போட்டுக் கையால் தைக்கிறார். நேரம் பிடிக்கிறது, ஆனால் ஒன்றும் திரும்பி வரவில்லை.

நெருக்கத் தையல்

துணியில் நெருக்கமாகத் தைத்தால் பலம். தோலில் நேர்மாறு. தோல் ஊசியின் முனை கத்தி மாதிரி வெட்டிக்கொண்டே இறங்கும், 2 மி.மீ.க்கு ஒரு வெட்டு விழுந்தால், ரசீதுப் புத்தகத்தின் துளை வரிசையில் கிழிவதுபோல அதே கோட்டில் தோல் கிழியும். 3 முதல் 4 மி.மீ. வையுங்கள்.

பிரித்துத் தைப்பது

வேண்டாம். தோலில் விழுந்த துளை மூடாது.

ஓரத்தைச் சீவாமல் அடுக்குவது

நாலு கார்டு அறையையும் முழுத் துண்டாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், ஓரம் செங்கல்லாகத் தடித்துப் பர்ஸ் மடங்காது. மெஷின் காலும் அந்தப் படியில் ஏறும்போது தையல் சுருங்கிவிடும். உள்ளே போகும் அறைகளை T வடிவில் வெட்டி, மடிக்கும் ஓரங்களைப் பாதிக் கனத்துக்குச் சீவிய பிறகு ஒட்டுங்கள். சொல்யூஷன் முழுக்கக் காய்ந்த பிறகுதான் மெஷினுக்குப் போக வேண்டும்; ஈரமாக இருந்தால் ஊசியில் பசை ஏறித் தையல் விட்டுப்போகும்.

குரோம் தோலின் விளிம்பைத் தேய்ப்பது

குரோம் உப்பில் பதனிட்ட தோலை எவ்வளவு தேய்த்தாலும் விளிம்பு பளபளக்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல்தான் தேய்த்தால் இறுகும். குரோமுக்கு விளிம்பில் பூசும் எட்ஜ் பெயிண்ட் அடியுங்கள், அல்லது மடித்துத் தையுங்கள்.

வெளிநாட்டு அளவு

இணையத்தில் கிடைக்கும் பேட்டர்ன் பெரும்பாலும் டாலருக்குப் போட்டது. டாலர் நோட்டின் உயரம் 66 மி.மீ. நம் புதிய 500 ரூபாயும் 66 மி.மீ. என்பதால் பொருந்தும். ஆனால் பழைய 100 ரூபாய் நோட்டு 73 மி.மீ.; இன்னும் செல்லும், சந்தையில் புழங்கிக்கொண்டும் இருக்கிறது. அதற்கும் மேலே கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் பர்ஸை மூடினாலும் நோட்டு வெளியே எட்டிப் பார்க்கும்.