வீல் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது? டார்க் ரெஞ்சோடு நான் பட்ட பாடு

ஜாக்கி போடுவது, ஸ்டெப்னி மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இந்தப் பதிவு கடைசி வேலையைப் பற்றி மட்டும்தான்.

ரெஞ்ச் மேல் ஏறி நின்று மிதித்தால்தான் எனக்கு நிம்மதி. ஒருநாள் டயர் பஞ்சரானபோது நானே இறுக்கிய போல்ட்டை என்னாலேயே கழற்ற முடியவில்லை. அப்புறம்தான் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். டார்க் என்றால் முறுக்கு விசை. எவ்வளவு முறுக்க வேண்டும் என்று இதில் முன்பே வைத்துவிடலாம், அந்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் கொடுக்கும்.

போல்ட்டை இறுக்கும்போது அது இம்மியளவு நீள்கிறது. நீண்டது ஸ்பிரிங் போலச் சுருங்கப் பார்ப்பதால்தான் சக்கரம் ஹப்போடு (சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதி) அழுந்தி நிற்கிறது. குறைவாக இறுக்கினால் சக்கரம் ஆடி ஆடி போல்ட் தளரும், கடைசியில் முறியும். அளவு மீறினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும், அல்லது மரை போய்விடும்.

1. உங்கள் காருக்கான அளவைக் கையேட்டில் பாருங்கள். பல கார்களுக்கு 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் (டார்க்கை அளக்கும் அலகு) இருக்கும். பக்கத்து வீட்டுக் காரின் அளவு உங்களுக்கு உதவாது.

2. ஹப் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். மரையில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே போகிறது. எண்ணெய் பூசினால் உராய்வு குறைந்து, அதே அளவு முறுக்கினாலும் போல்ட் கூடுதலாக இழுபடும்.

3. எல்லாப் போல்ட்டையும் முதலில் கையாலேயே திருகி ஏற்றுங்கள். தொடக்கத்திலேயே ரெஞ்ச் மாட்டினால் மரை கோணலாகப் பிடித்துக்கொள்ளும்.

4. ரெஞ்சில் அளவை வையுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். என் ரெஞ்சில் இரண்டு அளவுகோல்கள்: ஒன்று நியூட்டன் மீட்டர், இன்னொன்று அடி பவுண்டு. என் காருக்கு 110 நியூட்டன் மீட்டர். நான் 110ஐ அடி பவுண்டு பக்கம் வைத்துவிட்டேன். அது கிட்டத்தட்ட 149 நியூட்டன் மீட்டர்! இழுக்கிறேன், இழுக்கிறேன், கிளிக் வரவே இல்லை. ரெஞ்ச் பழுது என்று நினைத்து இன்னும் இழுத்தேன். உண்மையில் வைக்க வேண்டியது 81 அடி பவுண்டு. போல்ட்டுகளை நம்ப மனமில்லாமல் புதிதாகவே மாற்றினேன். அதனால் கைப்பிடியைத் திருப்பும் முன், எந்தப் பக்கம் என்ன அலகு என்று வாய்விட்டுப் படியுங்கள்.

5. சக்கரம் தரையை லேசாகத் தொடும்படி ஜாக்கியை இறக்குங்கள். ஒரு போல்ட், அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கம் என்று நட்சத்திர வடிவில், இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். நிதானமாக இழுங்கள். ஒரு கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். இன்னொரு கிளிக் கேட்க ஆசை வரும், வேண்டாம்.

6. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள்.

ரெஞ்ச் வாங்குவதானால் சாக்கெட் மாட்டும் முனை அரை அங்குலம் உள்ள கிளிக் வகையே என் தேர்வு. முள் வகையில் குனிந்து அளவு பார்த்தே கழுத்து வலிக்கும். போல்ட் கழற்ற டார்க் ரெஞ்சைத் தொடாதீர்கள், அதற்கு நீளக் கம்பி இருக்கிறது. வேலை முடிந்ததும் ஆகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளராது.

பிற்சேர்க்கை: அலாய் வீல் மாற்றிய ஒருவருக்குப் போல்ட் திரும்பத் திரும்பத் தளர்ந்ததாம். பழைய போல்ட் தலையின் அடிப்பகுதி, அதாவது வீலில் அழுந்தும் இடம், உருண்டை; புதிய வீலின் குழி கூம்பு. இரண்டும் பொருந்தாவிட்டால் எந்த டார்க்கும் நிற்காது.

இன்னொருவர் கேட்டது: "கடையில் இம்பாக்ட் கன்னால் (தட்டித் தட்டி வேகமாக இறுக்கும் கருவி) இறுக்கினார்கள். ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன், உடனே கிளிக் வந்தது. சரிதானே?" இல்லை. அளவுக்கு மேல் இறுகியிருந்தாலும் உடனே கிளிக் வரும். ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்திவிட்டு, மறுபடி அளவோடு இறுக்குங்கள்.